தங்கவயலின் லைன் வீடுகளும் மரபுச் சின்னங்களே

கோலார் தங்கவயலின் மரபைக் காக்கும் பொறுப்பில் உள்ள அரசு அலுவலர்களுக்கு,

வணக்கம். தங்கவயலின் பழமையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆங்கிலேயர் வாழ்ந்த பங்களாக்களும் கிளப்பும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களுமே முதலில் குறிப்பிடப்படுகின்றன. அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளையும் மரபுச் சின்னங்களாக ஏற்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் அத்தகைய ஒரு லைனில் பிறந்தவன். மூங்கில் தட்டியால் மறைத்த ஒற்றை அறையின் மூலையில் தாத்தாவின் தகரப்பெட்டி இருக்கும். அதனுள் துணியில் சுற்றிய, அவருடைய சுரங்க வேலைக்கான பித்தளை டோக்கனை எண் தேய்ந்த நிலையில் இன்றும் வைத்திருக்கிறோம். கீழே பாறை வெடித்தால் மேலே எங்கள் பாத்திரங்கள் அதிரும். உடனே லைன் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்ட்டை நோக்கி ஓடியதைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசை வீடுகள் வெறும் தங்குமிடங்கள் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வேரூன்றியதும், பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் நடத்தியதும் இம்மக்களை நம்பித்தான். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும், 1946 நவம்பர் 4 அன்று உயிரிழந்த ஆறு தொழிலாளர்களும் இந்த லைன்களின் பிள்ளைகளே. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஒரு பொதுவாழ்வைக் கட்டியெழுப்பிய இடத்தை விட்டுவிட்டு எழுதப்படும் தங்கவயல் வரலாறு, என் பார்வையில், முதலாளிகளின் கணக்குப் புத்தகமாகவே இருக்கும்.

எனவே, குடியிருப்போர் எவரையும் வெளியேற்றாமல், அவர்கள் சம்மதத்துடன் ஒரு லைனையேனும் முழுமையாகப் பாதுகாத்துத் தருமாறு வேண்டுகிறேன். வீடுகளில் சிதறிக்கிடக்கும் பணிப்பதிவேடுகள், சங்கத் துண்டறிக்கைகள், புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, கன்னடத்தோடு தமிழிலும் விளக்கம் எழுதி வைக்க வேண்டும். இவை அனைத்துக்கும் முன்பாக, சுரங்கத்தில் இறங்கியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். மூடப்பட்டபோது நாற்பது வயதிலிருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பலரை முன்பே கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளோ விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

அப்படியொரு தொகுப்பு தொடங்கும் நாளில், தாத்தாவின் டோக்கனையும் பணிப்பதிவேட்டையும் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன்