மார்க்கஸ் ஆரேலியஸுக்கு ஒரு கடிதம்: நீங்கள் பிரிட்டனுக்கு அனுப்பிய குதிரைவீரர்கள்

மதிப்பிற்குரிய மார்க்கஸ் ஆரேலியஸ் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் குறிப்பேட்டைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். ஊர் படிக்கட்டும் என்று நீங்கள் அதை எழுதவில்லை. உங்களை நீங்களே கண்டித்துத் திருத்திக்கொள்ளக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தீர்கள். ஒரு பகுதியில் குவாதி மக்களின் நாட்டில் எழுதியது என்றும், இன்னொன்றில் கார்னுண்டத்தில் எழுதியது என்றும் குறிப்பு இருக்கிறது. இரண்டும் டான்யூப் ஆற்றுப் பகுதியின் போர்க்களப் பாசறைகள். அவ்வளவு பெரிய ரோமப் பேரரசை ஆண்ட ஒருவர், எனக்குத் தீங்கு செய்பவனும் என் உறவினன்தான், அவன்மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்பது இன்றும் என்னை உலுக்குகிறது. உங்கள்மேல் மதிப்பு இல்லாதவன் எழுதும் கடிதம் இல்லை இது. மதிப்பு இருப்பதால்தான் கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் குறிப்பேட்டின் பத்தாம் பகுதியில் நான்கைந்து வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சிலந்தி ஒரு ஈயைப் பிடித்துவிட்டுப் பெருமைப்படுகிறது. ஒருவன் முயலைப் பிடித்துப் பெருமைப்படுகிறான், ஒருவன் வலையில் சிறு மீனை, ஒருவன் காட்டுப் பன்றியை, ஒருவன் கரடியை, இன்னொருவன் சர்மாத்தியர்களை. இவர்கள் மனத்தில் இருக்கும் கொள்கையைத் தோண்டிப் பார்த்தால் எல்லோரும் கொள்ளையர்கள்தானே என்று கேட்கிறீர்கள். சர்மாத்தியர்களைப் பிடித்த அந்தக் கடைசி ஆள் நீங்கள்தான். கி.பி. 175-ல் ‘சர்மாத்திகஸ்’ என்ற வெற்றிப் பட்டத்தைச் சூடிக்கொண்டவர் நீங்கள். இவ்வளவு நேர்மையாகத் தன்னைப் பார்த்துக்கொண்ட வேறோர் அரசரை எனக்குத் தெரியாது. பிடிபட்டவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

டான்யூபுக்கும் தீசா ஆற்றுக்கும் நடுவே, இன்றைய ஹங்கேரியின் சமவெளியில், குதிரையோடு வாழ்ந்தவர்கள் இயாசிகர்கள். சர்மாத்தியரில் ஒரு கிளையினர். உங்கள் காலத்துப் பயண எழுத்தாளர் பவுசானியஸ், ஏதென்ஸ் நகரத்து அஸ்கிலிப்பியஸ் கோயிலில் சர்மாத்தியக் கவசம் ஒன்றைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். குதிரைக் குளம்புகளைச் சேர்த்துவைத்து, சுத்தம் செய்து, பிளந்து செதில்களாக்கி, துளையிட்டு, குதிரை, மாடுகளின் நரம்பால் கோத்துத் தைத்த கவசம். இரும்பு கிடைக்காத இடத்தில் இறந்த குதிரையின் குளம்பிலிருந்தே அம்பைத் தாங்கும் சட்டை செய்துகொண்ட மக்கள் அவர்கள்.

உறைந்துபோன டான்யூபின் மேல் உங்கள் படை அவர்களோடு மோதியதை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ விரிவாக எழுதிவைத்தார். பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடப் பழகிய குதிரைகள் அவர்களிடம் இருந்தன. உங்கள் வீரர்கள் தப்பமாட்டார்கள் என்று நம்பிப் பக்கவாட்டிலும் நேராகவும் பாய்ந்தார்கள். உங்கள் ஆட்களோ நெருங்கி நின்று எல்லாத் திசையும் பார்த்துக்கொண்டு, கேடயத்தைப் பனியில் கிடத்தி, கால் வழுக்காமல் இருக்க அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டார்கள். வருகிறவனின் கடிவாளத்தையும் ஈட்டியையும் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தவன் எதிரியையும் சேர்த்து இழுத்துக் காலால் உதைத்துத் தூக்கி எறிந்தான். குப்புற விழுந்தவன் பல்லால் கடித்தான். இந்த விதமான சண்டை தெரியாத, இலகுவான உடை அணிந்திருந்த இயாசிகர்களில் சிலர்தான் அன்று தப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் சமாதானம் கேட்டார்கள். நீங்கள் கொடுக்கவில்லை. பனடாஸ்பஸ் என்ற அவர்களுடைய அரசன் உங்களிடம் தூது அனுப்பியதற்காக அவர்களே அவனைச் சிறைப்பிடித்தார்கள். அவர்களை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று நீங்கள் விரும்பியதாக டியோ எழுதுகிறார். எல்லா மனிதரும் ஒரே உடலின் உறுப்புகள் என்று எழுதிய அதே கை இதையும் விரும்பியது. இந்த இரண்டையும் ஒன்றாகப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

அவர்களைக் காப்பாற்றியது உங்கள் தத்துவம் இல்லை, சிரியாவில் வெடித்த கலகம். 175-ல் நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்ற வதந்தியோடு உங்கள் தளபதி அவிடியஸ் காசியஸ் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டார். கிழக்கே திரும்பியாக வேண்டிய அவசரத்தில், விருப்பமில்லாமல் இயாசிகர்களோடு உடன்பட்டீர்கள். வழக்கமாகச் செனட்டுக்குத் தெரிவிக்கும் நிபந்தனைகளை இந்தமுறை தெரிவிக்கக்கூட இல்லை. மூன்று மாதத்தில் காசியஸைச் சொந்த வீரர்களே கொன்று தலையை அனுப்பிவைத்தார்கள். நீங்கள் அதைப் பார்க்க மறுத்து, அடக்கம் செய்யச் சொன்னீர்கள். உங்கள் பெருந்தன்மையின் எனக்குப் பிடித்த சான்று அது. ஆனால் அந்த மூன்று மாத நெருக்கடியில் எழுதிய உடன்படிக்கை அப்படியே நின்றுவிட்டது.

இயாசிகர்களின் இன்னோர் அரசன் ஸான்டிகஸ் நேரில் வந்து பணிந்தான். ஆற்றிலிருந்து விலகி வாழ வேண்டும். பிடித்துவைத்த ரோமானியரைத் திருப்பித் தர வேண்டும். விற்றது, செத்தது, தப்பியது போக ஒரு லட்சம் பேர் திரும்பினார்கள் என்கிறார் டியோ. அவர்களும் யாரோ ஒருவரின் மகனும் மகளும்தான், அதை மறந்துவிட்டு இயாசிகர்களை வெறும் அப்பாவிகளாகக் காட்ட நான் வரவில்லை. அடுத்து வருகிறது நான் கேட்க நினைப்பது: கூட்டணிக்கு அவர்கள் பங்காக 8000 குதிரைவீரர்கள். அதில் 5500 பேரை நீங்கள் பிரிட்டனுக்கு அனுப்பினீர்கள்.

யார் யார் போவது என்று எப்படி முடிவானது? பனிக்கட்டிப் போரில் உயிரோடு மிஞ்சியவர்களா? தலைவர்களுக்குப் பிடிக்காத குடும்பத்துப் பையன்களா? ஸான்டிகஸ் தன் வீட்டிலிருந்து யாரையாவது கொடுத்தானா? கொள்ளைநோயில் உங்கள் படை ஏராளமான ஆட்களை இழந்திருந்தது, ஆள் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. தோற்ற மக்களின் இளைஞர்களைத் தூரதேசப் படையில் சேர்ப்பது ரோமுக்குப் பழகிய வழக்கமும்தான். அந்தச் சமவெளியிலிருந்து வட பிரிட்டன் நேர்க்கோட்டிலேயே 1500 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் கடல். குதிரையில் ஏறி வீட்டுக்குத் தப்பிவிட முடியாத இடம்.

இப்படிப் பிடித்து அனுப்பப்பட்டவர்கள் விசுவாசமாக இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உங்களுக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன், ஜெர்மானியப் பகுதியில் பிடித்துப் பிரிட்டனுக்கு அனுப்பிய உசிபி இனத்துப் படைப்பிரிவு ஒன்று, பயிற்சி கொடுக்க வந்த நூற்றுவர் தலைவனையும் வீரர்களையும் கொன்றுவிட்டு மூன்று கப்பல்களில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டது. பசியில் தங்களில் பலவீனமானவர்களைத் தின்றார்கள், பிறகு சீட்டுப் போட்டுத் தின்றார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். மிஞ்சியவர்களில் சிலர் அடிமைகளாகக் கைமாறி ரைன் கரைக்கு வந்து கதையைச் சொன்னார்கள். ஆகவே கலகம் செய்ய வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் 5500 பேர் அப்படிச் செய்ததாக எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்கள் பெயர் மறுபடி கல்லில் வருகிறது. வட இங்கிலாந்தின் லங்காஷயரில் ரிபிள் ஆற்றின் கரையில் ரிப்செஸ்டர் என்ற சிற்றூர் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதை பிரெமெடென்னாகம் என்றார்கள். பிற்காலத்து ஊர்ப்பட்டியல் ஒன்றில் அந்தப் பெயரோடு ‘ஓய்வுபெற்ற வீரர்களின்’ என்ற அடைமொழியும் சேர்ந்திருக்கிறது. கோட்டையில் சர்மாத்தியக் குதிரைப்படை இருந்தது. 238-க்கும் 244-க்கும் இடைப்பட்ட காலத்துக் கல்வெட்டு ஒன்றை அப்பொல்லோ மபோனஸ் என்ற தெய்வத்துக்கு, பேரரசரின் நலனுக்காகவும் படையின் நலனுக்காகவும் வைத்திருக்கிறார்கள். தளபதி ஏலியஸ் அன்டோனினஸ், ஆறாம் லீஜன் என்ற ரோமானியப் பெரும் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவர், இன்றைய துருக்கியின் கிழக்கே உள்ள மெலிடீன் நகரத்துக்காரர். மபோனஸ் வட பிரிட்டன் மண்ணின் சாமி. படையின் பெயரில் மட்டும் இன்னும் சர்மாத்தியர். நீங்கள் அனுப்பி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் அநேகமாக யாருமே அப்போது உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். பேரன்கள் இருந்திருக்கலாம்.

அதே ரிப்செஸ்டரில் கிடைத்த இன்னொரு கல்லை உங்களுக்குப் படித்துக் காட்ட ஆசை. சர்மாத்தியக் குதிரைப்படையைச் சேர்ந்த ஜூலியஸ் மாக்சிமஸ், ஆளுநரின் மெய்க்காவல் பிரிவில் இருந்தவர், வைத்த கல்லறைக் கல். மனைவி ஏலியா மட்ரோனா, வயது 28. மகன், அப்பாவின் பெயரையே கொண்டவன், வயது 6. மாமியார் கம்பானியா துபிதாதா, வயது 50. மூன்று பேரும் ஒரே கல்லில். மனைவியை ஈடிணையற்றவள் என்கிறார், மகனை அப்பாமேல் பாசமுள்ள பிள்ளை என்கிறார், மாமியாரையும் விட்டுவிடாமல் மனவுறுதி கொண்டவர் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் இயாசிகர் வழியில் வந்தவரா, அந்தப் படையில் சேர்ந்த வேறு நாட்டுக்காரரா என்பதைக் கல் சொல்வதில்லை. ஆனால் அந்தப் படையில் இருந்த ஒருவரின் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறது. ஆறு வயதுப் பையன் ஓடி விளையாடிய வீடு. பாட்டி இருந்த வீடு.

பிற்காலத்தவர்கள் வேறொரு கதையை விரும்பினார்கள். பிரிட்டனில் ரோமின் இலட்சியங்களை உண்மையாக நம்பிய குதிரைப்படைத் தளபதி ஒருவன், அவனுக்காக உயிரையும் கொடுக்கும் சர்மாத்திய வீரர்கள். ஆர்தர் மன்னன் கதையின் வேர் அதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கைகாட்டும் ஆள் லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ். இன்றைய குரோஷியாவில் ஸ்பிளிட் நகரத்துக்கு அருகே போட்ஸ்ட்ரானாவில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் அவர் செய்துகொண்டது. நூற்றுவர் தலைவராக எந்தெந்த லீஜன், இத்தாலியின் மிசேனம் கடற்படையில் என்ன பொறுப்பு, பிரிட்டனின் ஆறாம் லீஜனில் என்ன பதவி, கடைசியில் லிபூர்னியாவின் ஆட்சிப் பொறுப்பு, எல்லாம் வரிசையாக இருக்கிறது. சர்மாத்தியர்கள் என்ற சொல் அதில் இல்லை.

அந்தக் கதையைக் கேட்டு நெஞ்சு விம்முபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நல்ல தலைவனுக்காக மனிதர்கள் உயிர் கொடுத்ததும் உண்டு. எனக்கு உறுத்துவது, அந்த விசுவாசம் முழுவதையும் தளபதியின் நற்குணத்தின் கணக்கில் எழுதிவிடுவது. நூற்றுவர் தலைவர்கள் எங்கிருந்தோ வந்தார்கள், பொறுப்பு முடிந்ததும் போனார்கள். தங்கியவர்கள் வீரர்கள். அவர்களைக் கட்டிவைத்தது சம்பளமும், குதிரையும், ஓய்வுக்குப் பிறகு பக்கத்திலேயே கிடைத்த நிலமும், மட்ரோனா போன்ற பெண்களும் என்றுதான் ரிப்செஸ்டரைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. வேண்டாத இடத்தில் தள்ளப்பட்டவர்கள் அந்த இடத்தை வாழ்கிற இடமாக ஆக்கிக்கொண்டார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே சேர வேண்டும்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஆஃபர்ட் க்ளூனி அருகே சாலைப் பணிக்கு முன் தோண்டியபோது ஒரு வாலிபனின் எலும்புக்கூடு கிடைத்தது. 18-க்கும் 25-க்கும் இடையே வயது. காலம் 126-க்கும் 228-க்கும் இடையே. கூடவே வைத்து அனுப்பிய பொருள் எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் வெளியான மரபணு ஆய்வு அவன் சர்மாத்தியரோடு தொடர்புடைய வம்சாவளி என்று காட்டியது. பல்லும் எலும்பும் அவன் சாப்பிட்டதைச் சொல்லின. ஐந்தாறு வயதுவரை வறண்ட கிழக்கு நாட்டில், தினை, சோளம் போன்ற தானியங்களைத் தின்று வளர்ந்திருக்கிறான். பிறகு மேற்கே வர வர அந்தத் தானியங்கள் அவன் தட்டிலிருந்து மறைந்துவிட்டன. உங்கள் படையோடு வந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தப் பயணத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். உடன்படிக்கையின் 5500 என்ற எண்ணில் அவர்கள் வரமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் இயாசிகர்களின் தூதர்கள் மறுபடி வந்தார்கள், பழைய நிபந்தனைகளைத் தளர்த்தக் கேட்டார்கள். நீங்கள் இணங்கினீர்கள். சொந்தப் படகு வைத்துக்கொள்ளக் கூடாது, ஆற்றுத் தீவுகளில் இறங்கக் கூடாது, கூடுவதற்கும் வாணிகத்துக்கும் சில கட்டுப்பாடுகள், இவை போக மற்றவற்றை நீக்கினீர்கள். டேசியா ஆளுநர் அனுமதிக்கும்போதெல்லாம் அந்த மாகாணம் வழியாகக் கிழக்கே இருந்த தங்கள் இனத்தவரான ராக்ஸலானிகளிடம் போய்வரலாம் என்றும் சொன்னீர்கள். உறவுகளைப் பார்க்க வழி திறந்துவிட்ட அந்த முடிவு எனக்குத் தெரிந்த மார்க்கஸ் எடுக்கக்கூடியதுதான்.

இந்தத் தளர்வுகளைப் பற்றி டியோ எழுதியதில் பிரிட்டனுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தத் தூதுக்குழுவில், அங்கே போன மகனைப் பற்றிக் கேட்ட தகப்பன் ஒருவராவது இருந்தாரா? கேட்டிருந்தால், அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் ஒருவன்