செயலாளரின் ஆண்டறிக்கை: பின்களப் பயிற்சியும் நிலுவைச் சந்தாவும்

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. கோடைகாலச் சுற்றுப்போட்டி மழையால் ஒரு கிழமை பிந்தியது. கோல் வலைகள் இரண்டும் மாற்றப்பட்டன.

இந்த வருடம் சபையின் நேரத்தையும் செலவையும் அதிகம் எடுத்தது பின்களப் பயிற்சித் திட்டம், அதாவது எதிரணியைத் தடுத்து ஆடப் பழக்குவது. திட்டத்தை முன்மொழிந்தவன் என்ற முறையில் விளக்கம் தரவேண்டியது என் கடமை. கோல் அடிக்கப் பழக்குவதை விட்டு ஏன் இது என்று சிலர் கேட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்களம்தான் வேண்டும். பின்னுக்கு நிற்கச் சொன்னால் தண்டனை கிடைத்த மாதிரி முகம் வாடுகிறது. அவர்களுக்குக் காட்ட இந்த நியூயோர்க்கிலேயே ஓர் உதாரணம் இருந்தது: பின்கள ஆட்டக்காரர் கார்லோஸ் யமோசா.

1969 இல் கொலம்பியாவின் பல்மிராவில் பிறந்து, 1991 இல் இங்கு வந்தவர். உலக வர்த்தக மையத்தில் துப்புரவு வேலை. 1993 பெப்ரவரி 26 மதியம் அங்கே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் குண்டு வெடித்து 6 பேர் இறந்தபோது, சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்ததால் தப்பினார். 1995 இல் நியூயோர்க் சென்டோர்ஸ் அணி, 1997 இல் டி.சி. யுனைட்டட். அப்போது வயது 27. அந்த வருடமும் 1999 இலும் அந்த அணிக்கு, முதற்தர உதைபந்தாட்டத் தொடரான எம்.எல்.எஸ். இன் கிண்ணம். கொலம்பியத் தேசிய அணிக்கு ஆடியிராதபடியால், 1998 இல் குடியுரிமை கிடைத்ததும் அமெரிக்க அணிக்கு ஆட வழி திறந்தது. அதே வருடம் நவம்பரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ஆட்டம், மொத்தம் 29 ஆட்டங்கள். 2002 உலகக் கிண்ணத்தில் போர்த்துக்கலுக்கு எதிராக அமெரிக்கா 3–2 என்று முன்னிலையில் நின்ற 80ஆவது நிமிடம், எடி போப்புக்குப் பதிலாக உள்ளே அனுப்பப்பட்டவர் இவர்தான். முன்னிலை கைவிட்டுப் போகவில்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு நம்பி அனுப்பக்கூடிய ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய தகுதி என்பதைப் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் காட்சியோடு விளங்கப்படுத்தினோம். அதற்குப் பிறகு இரண்டு பேர் தாங்களாகவே வந்து பின்களம் கேட்டார்கள்.

ஆடுவதிலிருந்து ஓய்வுபெற்றபின் யமோசா சிவாஸ் யுஎஸ்ஏ அணியிலும், தலைமைப் பயிற்றுநர் ஜொவானி சவரேசேயோடு நியூயோர்க் கொஸ்மொஸ், போர்ட்லன்ட் டிம்பர்ஸ் அணிகளிலும் துணைப் பயிற்றுநராக இருந்தார். துணைப் பயிற்றுநரின் பெயர் செய்திகளில் பெரிதாக வராது. ஆனால் பின்களத்தைக் கட்டியெழுப்புவதில் அவருக்கும் பங்குண்டு.

இனி, நாங்கள் பழக்கியது. முதல் ஐந்து சனிக்கிழமையும் ஒருவருக்கு ஒருவர்: 10 யார் (கெஜம்) அகலம், 15 யார் நீளம், நாலு மூலையிலும் கோன். பந்து உருண்டு வரும் நேரத்தில்தான் வேகமாக ஓடிக் கிட்டப்போக வேண்டும். கடைசி மூன்று யாரில் அடி சின்னதாக வேண்டும். வந்த வேகத்தில் பாய்ந்தால் எதிராளி ஒரு தட்டில் கடந்துவிடுவான். ஒன்றரைக் கை தூரத்தில் நின்று, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, எதிராளியைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்களிடம் அதிகம் கண்ட பிழை, இரண்டு பாதங்களும் நேருக்கு நேராக நிற்பது. நின்றவுடன் பந்து காலிடுக்கால் போய்விடும். பார்வை பந்தில் இருக்கவேண்டும், எதிராளியின் இடுப்பாட்டத்தில் அல்ல. பந்து அவன் காலைவிட்டு ஓர் அடி விலகினால் மட்டும் கால் வைக்கலாம்.

அடுத்தது துணை நிற்பது: இரண்டாமவர் ஐந்தாறு யார் பின்னால், சரிவாக. நெருங்கி நின்றால் ஒரே பாஸில் இருவரும் வெட்டுப்படுவார்கள்.

அதன்பின் நால்வர் வரிசை. எட்டு யார் கயிறு மூன்றை இடுப்பில் கட்டி நால்வரையும் இணைத்தோம். கயிறு தொய்ந்தால் ஒருவர் உள்ளே ஒடுங்கிவிட்டார், இறுகினால் ஒருவர் தனியே ஓடிவிட்டார். பந்து பின்னுக்குப் போனால் வரிசை முன்னேறும். பந்து வைத்திருப்பவர் நெருக்கடியின்றித் தலை நிமிர்ந்தால் வரிசை பின்வாங்கும். ஒருவர் மட்டும் பின்தங்கினாலும் ஓஃப்சைட் பொறி, அதாவது வரிசையாக முன்னேறி எதிராளியை ஓஃப்சைட்டில் மாட்டும் உத்தி, உடைந்துபோகும். தலையால் அடிப்பதை அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளன விதிப்படி 10 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் பழக்கவில்லை. 11 முதல் 13 வரை கிழமைக்கு 30 நிமிடத்துக்கு மேல் போகவில்லை.

இங்கேதான் பிள்ளைகளின் வருகைப் பிரச்சினை. பதிந்தவர்கள் 24 பேர். பல சனிக்கிழமைகளில் பதினொருவர்கூட இல்லை. கோல் அடிக்கும் பயிற்சியை மூன்று பேரோடும் நடத்தலாம். நால்வர் வரிசையை மூவரோடு நடத்த முடியாது, கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான். வரமுடியாவிட்டால் வெள்ளி இரவே ஒரு செய்தி அனுப்பும்படி நாலு தடவை எழுதினோம். நான்குபேர், ஏழுபேர், ஒன்பதுபேர், பதினொருபேர் ஆட்டங்களுக்கான அடிப்படைப் பயிற்றுநர் சான்றிதழ்களை எடுப்பதாகச் சென்ற கூட்டத்தில் ஐந்து பெற்றோர் கை உயர்த்தினார்கள். முடித்தவர்கள் இருவர். அந்த இருவர் தோளில்தான் முழுத் திட்டமும் நின்றது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. கையிருப்பு சென்ற வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. கோன், கயிறு, பந்து வாங்கிய செலவு பெரிதல்ல. மைதான அனுமதிக்கும் காப்புறுதிக்கும் பருவம் தொடங்கமுன் பணம் கட்டவேண்டும், சந்தாவோ பருவம் முடிந்தபின்தான் வருகிறது. சில குடும்பங்களின் சந்தா இரண்டு வருடமாக நிலுவையில் உள்ளது. அந்த இடைவெளியை நிர்வாக சபையில் சிலர் தங்கள் கைக்காசால் நிரப்பினார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டதால் சொல்லவில்லை.

தண்ணீரும் தோடம்பழமும் கொண்டுவந்த பெற்றோருக்கும், மண்டபம் ஒழுங்குசெய்த உபதலைவருக்கும், கோடு கீறிய இளைஞர்களுக்கும் சபையின் நன்றி.

வரும் பருவத்துக்கு ஒன்பதுபேர் அணி ஒன்றும் பதினொருபேர் அணி ஒன்றும் பதிய விரும்புகிறோம். நிலுவை தீர்ந்தால் இரண்டும் முடியும். தீராவிட்டால் ஒன்றுதான், அப்போது எந்தப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது என்பதை இந்தச் சபைதான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அனுமதி விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன், அணிகளின் எண்ணிக்கைக்கான கட்டம் மட்டும் வெறுமையாக உள்ளது. சந்தாப் புத்தகத்தோடு பொருளாளர் வாசல் மேசையில் கூட்டம் முடியும்வரை இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்