திருச்செந்தூரில் கழற்றாத சட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பெண்களுக்குப் போல மார்பு பெருத்திருப்பதைச் சரிசெய்ய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன் என்று நேற்று சொன்னாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே இல்லை. போனில் பேசினால் "தெரியும்மா, தெரியும்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பத்தாவது படிக்கும்போது திருச்செந்தூர் போனோமே. ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் சன்னிதிக்குள் போகமுடியும். நீ செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாய். மே மாத வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுவாய். கொடியில் காயப்போடுகிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், வயசுப் பிள்ளைக்கு வருவதுதான், தானாகப் போய்விடும் என்று இருந்துவிட்டேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடும் என்பது உண்மைதான். உனக்குப் போகவில்லை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இப்போதாவது கேட்கிறேன். முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை சாப்பிட்டாயே, அது ஃபினாஸ்டிரைடா? ஜிம்மில் ஊசி ஏதாவது போட்டுக்கொண்டாயா? எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காதே. இவற்றாலும் மார்பு பெருக்கும். காரணம் உள்ளே இருந்தால் எடுத்த பிறகும் திரும்ப வளரலாம். தைராய்டு, ஈரல், ஹார்மோன் டெஸ்டுகள் எழுதினால் சலிக்காமல் எடு. விதைப்பையில் ஸ்கேன் கேட்டால் கூச்சப்படாதே. அங்கே கட்டி இருந்தாலும் மார்பில்தான் முதலில் தெரியும், சிலருக்கு.

மார்பில் இருப்பது கொழுப்பு மட்டும் இல்லை, தம்பி. லைப்போசக்ஷன் என்று குழாய் விட்டு உறிஞ்சும்போது பாட்டிலில் இறங்குகிற கொழுப்பு மஞ்சளாக இருக்கும். காம்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பியோ வெள்ளையாக, ரப்பர் மாதிரி விண்ணென்று இருக்கும். நாள்பட்டு இறுகினது அந்தக் குழாயில் ஏறாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். கொழுப்பை மட்டும் உறிஞ்சிவிட்டு அனுப்பினால் காம்பு புடைப்பாகவே நிற்கும். முழுக்கச் சுரண்டினாலும் ஆபத்து, காம்பு குழிவிழுந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். கைதேர்ந்தவர்கள் அடியில் ஒரு மெல்லிய தகடு விட்டுவைப்பார்கள். அதனால் விலையை விசாரிப்பதற்கு முன்னால், இரண்டையும் எடுப்பீர்களா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேள். எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்.

எடை இன்னும் குறைந்துகொண்டே இருக்கிறது என்றாயே. ஒரு நிலைக்கு வந்து நிற்கட்டும், அப்புறம் செய். பிறகு இளைத்தால் தோல் தொங்கும், பெருத்தால் கொழுப்பு மறுபடி சேரும்.

கோபப்படாதே, நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். காம்பைச் சுற்றின கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரை நிலா மாதிரி வெட்டுவார்கள். அப்புறம் காம்புக்கு ரத்தம் போவது மிச்சமிருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகத்தான். நிகோடின் அதையும் சுருக்கிவிடும். தோல் கறுத்துச் செத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம், ஒன்றுகூடக் கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பாவுக்குத் தடுப்பூசி போட்ட இடம் இன்னும் தடித்துக் கிடக்கிறதல்லவா, அதையும் டாக்டரிடம் சொல். தழும்பு தடிக்கிற உடம்பு நம் வீட்டில் உண்டு.

முடிந்த பிறகு இறுக்கமான பனியன் ஒன்று தருவார்கள். டாக்டர் சொல்கிற வரைக்கும், நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், அரிக்கிறது என்று கழற்றாதே. எங்கள் வார்டில் ஒரு பையன் மூன்றாம் நாளே கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கினான். அன்று ராத்திரியே ஒரு பக்கம் கல் மாதிரி வீங்கி, தோல் நீலம் பாரித்து வந்தான். மறுபடி திறந்து ரத்தக்கட்டை எடுத்தோம். அதனால் பைக், எடை, எதுவும் வேண்டாம். ஒரு மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைந்துபோகாதே. வீக்கம் வடிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். காம்பு மரத்துப்போனதும் மெதுவாகத்தான் திரும்பும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் முதல் நாளே வந்துவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. முன்னால் பட்டன் வைத்த சட்டை நாலு எடுத்துவை. கையைத் தூக்கி டீஷர்ட் போட முடியாது.

அம்மா