'வேண்டாம்' என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருகோணமலை

ஹாட்வெயார் கடை ஐயாவுக்கும், கிண்ணியா வெல்டிங் நானாவுக்கும், பஸ் பொடி (பஸ்ஸின் தகட்டுக் கூடு) அடிக்கும் அண்ணன்மார் இருவருக்கும், லேத் பட்டறைத் தம்பிக்கும், ஓடாவி ஐயாவுக்கும், பெயின்ட் கடை அக்காவுக்கும்,

வணக்கம். 14 அடி அலுமினிய வள்ளம் திரும்பவும் தண்ணீரில் நிற்கிறது. தொலைந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைப் பிளக். பின்பலகையின் அடியில் தண்ணீர் வடிவதற்கு வைத்திருக்கும் ஓட்டையை அடைப்பது அதுதான். புதிது ஒன்று வாங்கி இறுக்கினால் பத்து நிமிட வேலை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உங்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை 'வேண்டாம்' என்று தடுத்தீர்கள். அந்த வேண்டாம்களைக் காரணத்தோடு எழுதிவைத்தால் பழைய அலுமினிய வள்ளம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

முதலில் ஹாட்வெயார் கடை ஐயா. கேட்டது அரை அங்குலப் பிளக். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளக் பெட்டி நிறைய இருந்தும் நீங்கள் விற்கவில்லை. ஓட்டையில் பிளக் உட்காரும் பழைய பித்தளைக் குழாயின் புரியை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது நம்மட புரி இல்ல" என்றீர்கள். அது அமெரிக்க வள்ளம், புரியும் அமெரிக்க என்.பி.டி. நம் ஊர்க் குழாய்களில் இருப்பது பி.எஸ்.பி. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஏமாறுவதும் அங்கேதான். புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. வெளிவிட்டமும் 21.3 மில்லிமீற்றர், 20.95 மில்லிமீற்றர் என்று மயிரிழை வித்தியாசம். அதனால் குழாய்ப் பிளக் இரண்டு மூன்று சுற்றுப் போய்ப் பிடித்தமாதிரி நிற்கும். எஞ்சின் அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று, நடுக்கடலில் விழும். நீர்மட்டத்துக்கு 20 சென்ரிமீற்றர் கீழே 18 மில்லிமீற்றர் ஓட்டை திறந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 லீற்றர் தண்ணீர் உள்ளே வரும். பத்து லீற்றர் வாளி அரை நிமிடத்தில் நிறைந்துவிடும். வலையும் மீனும் ஐசும் ஏற்றிய வள்ளத்துக்கு அது போதும்.

நீங்கள் காட்டிய இன்னொன்றுதான் வேலையின் போக்கையே மாற்றியது. பித்தளைக் குழாயைச் சுற்றி வெள்ளை மாப்போல் படிந்திருந்ததைச் சுரண்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினீர்கள். முனை தகட்டுக்குள் போய்விட்டது. உப்புத் தண்ணீரில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் இடையில் பற்றரி மாதிரி மின்னோட்டம் உண்டாகும். கரைவது எப்போதும் அலுமினியம்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் மூலை என்றால் இன்னும் கெதியாக. அதே காரணத்தால் வள்ளத்தின் அடியில் வயர்த் துண்டு, வலையின் ஈயக்குண்டு, பழைய ஐந்து ரூபாய்க் குத்தி எதுவும் கிடக்கக் கூடாது. கிடந்த இடத்தில் ஊசித்துளை விழும். ஆகவே மாற்ற வேண்டியது பிளக்கை மட்டுமல்ல, அது உட்காரும் இடத்தையும்தான்.

கிண்ணியா நானா, ஆர்கன் வெல்டிங் வைத்திருந்தும் கிடைத்த வேலையை வேண்டாம் என்றவர் நீங்கள். 1.6 மில்லிமீற்றர் தகடு, அரித்து இன்னும் மெலிந்தது. அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன்மேல் இருக்கும் ஒக்சைட் தோலுக்கு 2000க்கு மேல் வேண்டும். உப்பு ஊறிய பழைய தகட்டில் தோல் உடையுமுன் அடித்தகடு ஒழுகி விழுந்துவிடும். அப்படியே ஒட்டினாலும் ஆறும்போது தகடு சுருங்கிப் பக்கத்து ரிவெட்டுகளை இழுக்கும், அவற்றுக்குள் இருக்கும் பழைய பசையும் கருகிப்போகும். "ஒரு ஓட்டைய அடைச்சு ஆறு ஓட்டைய திறக்கிற வேல தம்பி" என்றீர்கள். பின்னால் மரமும் பெற்றோல் ஊறிய இடுக்கும் இருந்ததை முதலில் மணந்து பார்த்ததும் நீங்கள்தான். பஸ் பொடிக்காரரைக் கேட்கச் சொன்னதும் உங்கள் யோசனை. வள்ளத்துக்கு பஸ் ஆளா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தகட்டோடு தகடு வைத்து ரிவெட் அடிப்பதில் இந்த ஊரில் அவர்களை விடக் கைப்பழக்கம் யாருக்கு?

பின்பலகையைக் கழற்றாமல் உள்ளிருந்து ரிவெட்டுக்குக் கை எட்டாது. எனவே ஓடாவி ஐயாவின் வேலை முன்னதாக வந்தது. பழைய மரத்தின் அடி விளிம்பு பஞ்சாய்ப் போயிருந்தது. மருந்தேற்றிய பச்சை நிறப் பலகை மலிவாகக் கிடைத்தும் ஐயா வேண்டாம் என்றார். அந்த மருந்தில் செப்பு உண்டு. அது ஈரத்தில் கசிந்து அலுமினியத்தைத் தொட்டால் பித்தளைக் கதையேதான். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை எபொக்சியால் ஒட்டி, ஒரு இரவு முழுக்க இறுக்கி வைத்தார். போல்ட் ஓட்டைகளை 12 மில்லிமீற்றரில் போட்டு, எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 8 மில்லிமீற்றரில் திரும்பத் துளைத்தார். இனி போல்ட் வழியே வரும் தண்ணீர் மரத்தைத் தொடாது. வெட்டு விளிம்புகளுக்கு மூன்று பூச்சு. வடிகால் குழாய் வரும் இடத்தில் மரத்தைப் பிறை வடிவில் வெட்டி விலக்கியது அவருடைய சொந்த யோசனை, முன்பு இருந்ததைவிட நல்லது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்கு நைலோன் வாசர் போடச் சொன்னதும் ஐயாதான்.

பஸ் பொடி அண்ணன்மாருக்கு என்ன சொல்வது! பட்டறையில் இருந்த தகடு பஸ்ஸுக்குரிய மென்மையான ரகம் என்று அதையே ஒதுக்கி, கடல் தண்ணீருக்குத் தாங்கும் 5052 அலுமினிய ரகத்தில் 2.5 மில்லிமீற்றர்த் துண்டு கொண்டுவரச் சொன்னீர்கள். அரித்த இடத்துக்கு ஒட்டுத்தகடாக அதை 100க்கு 100 மில்லிமீற்றரில் வெட்டி, மூலைகளை வளைத்து அராவினீர்கள், கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் வெடிக்கும் என்று. உள்ளே போட்டால் விளிம்பில் தண்ணீர் தேங்கும், அதனால் வெளிப்பக்கம். பழைய வெள்ளை மாவை ஸ்டெயின்லெஸ் பிரஷால் மட்டும் தேய்த்தீர்கள். இரும்புப் பிரஷ் என்றால் அதன் தூள் தகட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கும். கையில் பொப் ரிவெட் துப்பாக்கி இருந்தும் அதைத் தொடவில்லை: சாதாரண பொப் ரிவெட் நடுவில் குழல், தண்ணீர் அதன் வழியே வரும், உள்ளே முறிந்து நிற்கும் இரும்பு ஆணியும் கறள் பிடிக்கும்.

4.8 மில்லிமீற்றர் முழு ரிவெட் இருபது. விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, 16 மில்லிமீற்றருக்கு ஒன்று. ஓட்டை 4.9. இரண்டு தகடும் சேர்ந்து 4.1 மில்லிமீற்றர், தலை அடிக்க விட்டத்தின் ஒன்றரை மடங்கு மிச்சம், ஆக 11 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் என்று ஒவ்வொன்றையும் வெட்டினீர்கள். நீளம் கூடினால் அடிக்கும்போது ரிவெட் வளையும், குறைந்தால் தலை பிடிக்காது. தகடுகளுக்கு இடையில் பொலியூரத்தேன் பசை. புளிமணம் வீசும் சிலிக்கோன் கூடவே கூடாது, அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம். பசை ஈரமாக இருக்கும்போதே ஒருவர் உள்ளே இரும்புக் கட்டையை அண்டைகொடுக்க, மற்றவர் வெளியே அடிக்க, நாலு மூலை முதலில், பிறகு எதிரெதிராக. ஒன்று மட்டும் கோணலாகப் போனது. அதைத் துளைத்து எடுத்து அடுத்த பருமனில் திரும்ப அடித்தீர்கள், விட்டுவிடலாம் என்று சொன்ன குரலுக்குக் காது கொடுக்காமல்.

லேத் தம்பி நைலோன் வேண்டாம் என்றார். நைலோன் தண்ணீர் குடித்து ஊதும், புரி இறுகி ஒருநாள் கழற்றவே முடியாமல் போகும். அசிட்டல் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உருளையில் 60 மில்லிமீற்றர் விளிம்போடு குழாயும், அதற்கேற்ற பிளக்கும் கடைந்தார். சரிவான என்.பி.டி. புரியை விட்டு நேர்ப்புரி வெட்டி, தண்ணீரை நிறுத்தும் வேலையை நைட்ரைல் றப்பர் வளையத்திடம் (ஓ-றிங்) கொடுத்தார். பெற்றோல் பட்டாலும் நைட்ரைல் ஊதாது. ஒரே குறை, இந்தப் பிளக் வேறெங்கும் வாங்கக் கிடையாது. அதையும் யோசித்து மூன்றாகக் கடைந்து தந்தார். பிளக் உள்ளிருந்து போடுவது, நூல் கட்டி வைப்பது. நீரில் மிதக்கும்போதும் கை எட்டும்.

பெயின்ட் கடை அக்கா பைபர் வள்ளங்களுக்குப் பூசும் சிவப்புப் பெயின்ட்டை எடுத்துத் தரவில்லை, அதிலும் செப்பு. மக்னீசியம் அனோட்டும் (வள்ளத் தகட்டுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி) தரவில்லை. அது நன்னீருக்கு, கடலில் அளவுக்கு மீறி வேலை செய்து பெயின்ட்டை உரித்துவிடும். துத்தநாகம் கடலுக்குச் சரி. ஆனால் மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் மாரி காலத்தில் தண்ணீர் உவர் குறைந்து நிற்கும்போது துத்தநாகம் தோல் கட்டி உறங்கிவிடும், அலுமினிய அனோட் உறங்காது. இரண்டிலும் ஓடும் வள்ளத்துக்கு அதுதான்.

பசை காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு 3 மில்லிமீற்றர் அளவில். ஐந்து நாள் தொடாமல் விட்டோம். பிறகு வள்ளத்தைத் தென்னங்குற்றிகளில் ஏற்றி, பின்பக்கம் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் விட்டு, வெளியே வெண்கட்டித்தூள் பூசிப் பார்த்தோம். நிறைய ஊற்றினால் பாரத்துக்கே தகடு வளையும். ஒட்டுத்தகட்டைச் சுற்றி வெண்கட்டி உலர்ந்தே இருந்தது. இடது பக்கம் பழைய ரிவெட் ஒன்றில் மட்டும் நீலம் கசிந்தது; வாடை எழுமுன் அதற்கும் அண்ணன்மார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று பிளக்கில் ஒன்று வள்ளத்தில், ஒன்று எஞ்சின் பெட்டியில். மூன்றாவது ஹாட்வெயார் கடை ஐயாவின் லாச்சியில் இருக்கிறது. இதே மாதிரி வள்ளம் வைத்திருப்பவர்கள் அங்கே கேட்டு வாங்கி அளவெடுக்கலாம். எடுத்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
வள்ளக்காரர்கள்