காசிமேட்டு அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு நன்றி மடல்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை உறவுகளுக்கு அன்பு வணக்கம்.

போன வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றி சொல்லக் கிடைத்தது அரைப் பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். அது உங்கள் கைக்கு வந்து சேரப்போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

2023 ஏப்ரலில் ட்யூப் பெட்டியோடு நாங்கள் வந்து நின்றபோது ஓர் ஆயா கேட்டார்: "எங்க ரத்தம் இன்னாத்துக்குமா? நாங்க இன்னா சீக்காளியா?" இல்லை ஆயா, சீக்காளி இல்லை என்பதால்தான் கேட்டோம். வயது ஏற ஏற உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்கள் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு ஓடியாடி வேலை செய்கிறவர்களின் ரத்தம் வேண்டும்.

அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் அங்கேதான் பக்குவப்பட்டு வெளியே வருகின்றன. பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே போய், அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும். புதுக் கிருமியை எதிர்கொள்ளும் புது செல்கள் குறையும், பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பவை கூடும். இன்னொன்று, தடுப்பூசி போட்டால் பொதுவாகப் பெண்கள் உடம்பில் எதிர்ப்பு வலுவாக உண்டாகிறது. ஆனால் லூபஸ், முடக்குவாதம் மாதிரி சொந்த உடம்பையே தாக்கும் நோய்களும் பெண்களுக்குத்தான் அதிகம். ஹார்மோன் ஒரு காரணம், எக்ஸ் குரோமோசோம் இன்னொன்று. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று அடக்கி வைக்கப்பட்டாலும் எதிர்ப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 போன்ற சில மரபணுக்கள் அடங்காமல் வேலை செய்யும்.

எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை ரத்தத்தில் நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் எல்லோரிடமும் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் எடுத்தாக வேண்டும். உங்களுக்கோ அதுதான் வியாபார நேரம். ஏலம் முடித்த கையோடு கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தீர்கள். ஓர் அக்காவின் முழங்கையில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்துவிட்டுத்தான் நரம்பு தேடினேன். "சீக்கிரம் எடுமா, ஐஸ் கரையுது" என்றவர், ஊசியை எடுக்கும்வரை கையை அசைக்கவில்லை. மாதவிடாய் நின்றதா, எப்போது நின்றது என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. சுய உதவிக் குழு அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து கேட்டார். அவர் இல்லாவிட்டால் ஆய்வேட்டின் பாதி அட்டவணை காலியாக இருந்திருக்கும்.

ஆண்கள்தான் கிடைக்கவில்லை. விசைப்படகு ஏறினால் பல நாள் கடலில் இருப்பவர்களை எங்கே பிடிப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கைகொடுத்தது. வருமானம் இல்லாத அந்த நாட்களில், வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன்கள் எழுந்து வந்து கை நீட்டியதை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். ட்யூபைச் சுழற்றி எடுத்தால் மேலே மஞ்சள் நீர், அடியில் சிவப்பணு, நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம் நிற்கும். எங்களுக்கு வேண்டிய செல்கள் அதில்தான் இருக்கின்றன. மெஷின் தானாக ஓய்ந்து நிற்க வேண்டும், பிரேக் போடக் கூடாது. ஒரு நாள் பிரேக்கை அணைக்க மறந்துவிட்டேன். வளையம் கலைந்தது. நான்கு பேர் கொடுத்த ரத்தம் வீணானது. மறுநாள் நேரில் வந்து சொன்னேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அடுத்த வாரம் நான்கு பேரும் திரும்ப வந்தார்கள். அந்த நான்கு ட்யூப்களையும் கை நடுங்க நடுங்கத்தான் வாங்கினேன்.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். உங்கள் செல்கள் எல்லாம் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருந்தன. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெருவெல்லாம் தண்ணீர், நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி வரவில்லை. வேறோர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கேன் கடனாகத் தந்தார்கள். அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி, சாயாமல் இருக்கச் சுற்றிலும் பழைய வலையைத் திணித்துக் கட்டி, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார் ஓர் அண்ணன். அவர் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் நின்றது. வாடகை எவ்வளவு என்றேன். "எங்க ரத்தம்தானே உள்ள இருக்குது, வாடகை இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்தம் எடுத்த செவிலியர் அக்காக்களுக்கும், ராத்திரி ஆய்வுக்கூடம் பூட்டாமல் காத்திருந்த காவலர் ஐயாவுக்கும், என் நெறியாளருக்கும் நன்றி.

முடிவு வந்ததும் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கும்போது, படங்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்த ஆயாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

உங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்ட,
ட்யூப் பெட்டிப் பொண்ணு