ஸ்டூல் கேட்டுத் தந்த அம்மாவுக்கு

தள்ளுபடி விலையில் மளிகை விற்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை பார்க்கிறேன். விலையைக் குறைப்பதற்காக ஆட்களையும் குறைத்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே வரிசை குறைந்ததும் பில் போடுபவரே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, காலாவதித் தேதி நெருங்கிய சரக்கை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்க வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாது.

சென்ற மாதம் அப்படியொரு மாலையில், வீங்கிய கால்களை நான் மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கவனித்த ஓர் அம்மா, பணம் செலுத்திய பிறகும் போகாமல் நின்று மேலாளரை அழைத்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டதைக் குரல் உயர்த்தாமல் எடுத்துச் சொன்னார். எனக்கே அது தெரியாது. மறுநாள் மூன்று கவுன்டர்களுக்கும் ஸ்டூல் வந்தது.

அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை; இரண்டு கிலோ துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கினீர்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. என்னுடன் பணிபுரியும், ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கையும் இப்போது உட்கார்ந்துதான் பில் போடுகிறார்.