பெரியப்பாவின் பதினாறாம் நாள்

ஏற்காடு

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். பூ மழை நேரத்துக்குப் பெய்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

பெரியப்பா போய்விட்டார். அம்மாபேட்டை வீட்டில், தூக்கத்திலேயே. போனில் உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் நாலு பையன்கள் போனில் எங்கோ குண்டு விழுகிற வீடியோ பார்த்து விசிலடித்தார்கள். போனைப் பிடுங்கிவிட்டேன். ஒருத்தன் கேட்டான்: "தாத்தாவே சண்டைக்குப் போனவர்தானே மாமா?" எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அதுவேதான் மண்டையில் ஓடுகிறது.

நீ எப்போதும் அந்த 1971 பாகிஸ்தான் போரைத்தானே எடுத்து வீசுவாய்! கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இப்போதைய வங்கதேசம்) ஒரு கோடிப் பேர் உயிருக்குப் பயந்து ஓடி வந்தார்களே, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்கிறாயா என்பாய். எந்தப் போருமே நியாயமில்லை என்று நான் கத்துவேன். சரி, இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு கோடிப் பேருக்கு என்னிடம் பதில் இல்லை. டிசம்பர் 3-ல் மூண்டு 16-ல் முடிந்தது, அதற்கப்புறம்தான் அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது.

ஆனால் இறங்கியது நியாயம் என்பதற்காகச் செய்ததெல்லாம் நியாயமாகிவிடுமா? ஹிட்லரை எதிர்த்து நின்றது சரிதான். அதே உலகப் போரில்தான் 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமா மேல் அணுகுண்டு போட்டார்கள். தெருவில் வேலைக்கு விட்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாரோடு சண்டைக்கு நின்றார்கள், சொல்லு?

தமிழய்யா நடத்திய புறநானூற்று நெட்டிமையார் பாட்டு நினைவிருக்கிறதா? அம்பு விடுவதற்கு முன்னால் பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லோரையும் பத்திரமான இடத்துக்குப் போய்விடச் சொன்னான் பாண்டிய ராஜா முதுகுடுமி. ராஜாவைப் புகழ்கிற பாட்டுதான், நடந்ததா என்று யார் கண்டது. ஆனாலும் எத்தனையோ வெற்றி இருக்க, புகழ்வதற்கு இதைப் பிடித்தாரே மனுஷன்! அந்த வரிசையில் உழவனையும் நெசவாளியையும் காணோமே என்பதும் எனக்கு உறுத்துகிறது.

பெரியப்பா 71 பற்றி வாயே திறக்க மாட்டார், உனக்குத் தெரியும். ஒரே ஒருமுறை, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "அது சரியான சண்டைதானே?" என்று கேட்டுவிட்டேன். "போக வேண்டியிருந்துச்சு, போனோம். அதுக்கு எதுக்குடா பட்டாசு?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

அந்தப் பையனிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேலம் இறங்குகிறேன், அவனைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அவருடைய தகரப் பெட்டியைப் பெரியம்மா இன்னும் திறக்கவில்லை. நீ வந்த பிறகு திறக்கலாம் என்கிறார்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டம் மலையேறுவதற்குள் வா. தட்டுவடை பஞ்சாயத்தும் பாக்கி இருக்கிறது.

உன்,
காப்பிக்கொட்டை